பயிர்: இதர

அணைக்கரைப் பாலத்துக்குக் கிழக்கே
கொள்ளிடம் விட்டுக்கொடுத்த படுகை மேட்டில்
அமிர்தகடேசன் உருளைக்கிழங்கு போட்டிருக்கிறார்.
நெல், கரும்பு, வாழை, உளுந்து தெரிந்த
என் படிவத்துக்கு
உருளை தெரியாது.

மளிகைக்கடையில் முளைவிட்டுப்போன ஒரு மூட்டை.
எறியுமுன் கேட்டு வாங்கினாராம்.
கார்த்திகையில், மழை ஓய்ந்த ஒரு வாரத்தில்,
கோரையும் நாணலும் அறுத்துக் கொளுத்தி,
கண்ணுக்கு ஒரு துண்டாய் நறுக்கி
சாம்பலில் தோய்த்து ஊன்றினாராம்.
"ஊட்டியில மட்டும் என்ன மேடம்,
மண்ணுக்குப் பதிலா வெண்ணெயா இருக்கு?"

இப்போது மாசி. தழை பழுத்துச் சாய்ந்துவிட்டது.
தையல்நாயகி மண்வெட்டியை இறக்குகிறாள்:
கோலிக்குண்டு, எலுமிச்சை,
அபூர்வமாய் ஒரு கோழிமுட்டை.
எடுத்ததிலெல்லாம் ஓட்டை.

நோய் இல்லை என்றேன்.
இரண்டு பேர் தின்றிருக்கிறார்கள்.
கரண்டியால் வழித்த மாதிரி
அகலமாய், மேலோடு பள்ளம் பறித்தது வெள்ளைப்புழு.
பென்சில் முனை அளவு துளைத்து
நேராய் உள்ளே போனது கம்பிப்புழு.

முதலாவது உடனே கிடைத்தது.
பழுப்புத் தலை, ஆறு கால்,
தின்ற மண் பின்புறத் தோலுக்குள் கறுப்பாய்த் தெரிய
உள்ளங்கையில் காற்புள்ளியாய்ச் சுருண்டது.
கோடை மழை மணலை நனைத்த ராத்திரி
இதன் தாய் வெளியே வந்திருப்பாள்.
கரைமேல் வேம்பில் தின்று, கூடி,
விடியுமுன் ஈரத்தில் விரலாழம் இறங்கி
முட்டையிட்டிருப்பாள்.
கூடப் பிறந்ததெல்லாம் இந்நேரம்
ஆழத்தில் கூடுகட்டித் தூங்கும்.
இது பிந்திவிட்டது,
என்னைப்போல.

நெல்வயலில் தண்ணீர் கட்டினால்
மூச்சுமுட்டி மேலே வரும், கொக்கு பார்த்துக்கொள்ளும்.
இங்கே மணல். நிற்காது.
ஆடி வெள்ளமும் இந்த மேட்டைத்
தொடாமல் போனதாகச் சொன்னார்கள்.
குறித்துக்கொண்டேன்.

இரண்டாவதற்கு அரைமணி நேரம் தோண்டினோம்.
வைக்கோல் நிறம், வைக்கோல் தடிமன்.
நகத்தால் அழுத்தினார், நசுங்கவில்லை.
மண்ணுக்குள் இரண்டு வருஷம், மூன்று வருஷம்,
அப்புறம் வண்டாகிச் சில வாரம்.
மல்லாக்க விழுந்தால் சொடுக்கி எகிறும்.
"அதுவா!" என்றாள் தையல்நாயகி,
"விளக்கடியில டிக்குன்னு குதிக்குமே.
எம்பையன் தீப்பெட்டியில வச்சிருந்தான்."

மூட்டையோடு வந்ததா என்று கேட்டார்.
இல்லை.
அவர் கொளுத்திய கோரையின் வேரில் இருந்தது,
மூட்டைக்கு முன்பே, முளைக்கு முன்பே.
வேர் போயிற்று.
பசி போகவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.
வாய் சும்மா இருக்கவில்லை:
இந்தப் புழுவைப் பிடிக்க நாங்கள்
உருளையைத்தான் இரண்டாய் நறுக்கி
குச்சியில் குத்திப் புதைத்து வைப்போம்.
நாலு நாளில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

அவர் பாத்திகளை
ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தார்.
"அப்போ நான் போட்டது பயிரில்ல.
பதினாறு குழிக்குப் பொறி."
முதலில் சிரித்தது அவள்தான்.
அப்புறம் மூவரும்,
கொஞ்சம் அதிகமாகவே.

பயிர் என்ற இடத்தில் 'இதர' என்று தட்டினேன்.
பரப்பு, பதினாறு குழி.
சேதத்தில் நூறு போடப்போனேன்.
இருக்கட்டும் மேடம் என்று தடுத்தார்.
தையல்நாயகியின் முந்தானையில்
ஓட்டையில்லாமல் ஏழு கிழங்கு.
"தொண்ணூத்தெட்டுன்னு போடுங்க.
பொய் எதுக்கு?"

ஏழும் என் பைக்குள் விழுந்தன.
மறுக்கத் தொடங்குமுன் பஸ் வந்துவிட்டது.

இரவு நறுக்கினேன்.
ஆறு சுத்தம்.
ஏழாவதில், தோலில் தெரியாத ஒரு வழி.
அதன் நடுவில் அரை அங்குல வைக்கோல்
மெல்லத் தலையைத் திருப்பியது.

படிவம் சாயங்காலமே போய்விட்டிருந்தது.